லாயாங் லாயாங்கும் வாசற்காவலும்

வீட்டு முற்றத்தில் நிறுத்திய வண்டியைக் கள்வர் கவராமல் காப்பது எங்ஙனம் என்பது இன்று மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடக் கவலைகளுள் ஒன்றாகிவிட்டது. இரும்புக் கதவு, அதன்மேல் பூட்டு, வண்டிக்குள் ஸ்டீயரிங் பூட்டு, தொட்டால் அலறும் மணி, விடியும்வரை எரியும் விளக்கு, கண்காணிப்புக் கேமரா, சங்கிலியிற் கட்டிய நாய் எனக் காவல் அடுக்கடுக்காக வளர்ந்துள்ளது. பலரும் இதனைக் கடையில் விலை கேட்டு வாங்கும் பொருளாகவே எண்ணுவர். ஆயின், நம்மவரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு வரலாறு உண்டு. வேலி போட்டவர் யார், சாவி எவர் கையில் இருந்தது என்னும் இரு வினாக்களைக் கேட்டால் அவ்வரலாறு புலப்படும். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த லாயாங் லாயாங் என்னும் சிற்றூரை நடுவாக வைத்து அதனைக் காண்போம். மலாய்மொழியில் இப்பெயர் பட்டத்தையும் குறிக்கும்; தகைவிலான் குருவியையும் குறிக்கும். இரண்டும் வேலிக்குக் கட்டுப்படாதவை.

காவல் என்பது தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் அரணுக்கென ஓர் அதிகாரமே உண்டு. காக்க வேண்டிய வாயில் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருத்தல் வேண்டும் என்பதும், எத்துணைச் சிறப்பு இருப்பினும் செயல்திறம் உடைய மாந்தர் இல்லையேல் அரண் பயன்படாது என்பதும் வள்ளுவர் கருத்து. மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் கள்வரைத் தேடித் திரியும் ஊர்காவலரைக் காட்டுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி காணப்படுகிறது. ஊரைக் காப்பதற்கென ஊராரே கொடுத்த வரி அது. காப்பவனை ஊர் அறியும். ஊரைக் காப்பவன் அறிவான். கப்பலேறி மலாயாவுக்கு வந்த கூலித் தொழிலாளியுடன் இம்முறை வரவில்லை. அவன் வந்து சேர்ந்த இடத்தில் நிலம் ஒருவருடையது, வீடும் அவருடையது. காவலும் அவருக்கே உரியதாயிற்று.

கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதன் இருமருங்கும் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பின்னர்ச் செம்பனையும் வந்தது. லாயாங் லாயாங்கை அடுத்த உலு ரெமிஸ் தோட்டம் செம்பனை விதை ஆய்வில் உலகறிந்த பெயர். அது நெடுங்காலம் கத்ரி நிறுவனத்தின் வசம் இருந்தது. மலாயாத் தோட்டங்களில் பொதுவாக இருவகை வீடுகளைக் காணலாம். மேட்டில் துரையின் பங்களா. தாழ்வில் தொழிலாளர் லயம். பங்களாவின் முகப்பில் மோட்டார் வண்டி நிற்கும். அதற்கு ஜாகா ஒருவர் காவல் இருப்பார். ஜாகா என்பது மலாய்ச்சொல். நாம் ஜாக்கிரதை என்று வழங்கும் வடசொல்லுக்கு அது உறவு. விழித்திருத்தல் என்பதே அடிப்பொருள். லயத்துக்கு ஜாகா இல்லை. ஓர் அறை, ஒரு தாழ்வாரம், அடுத்த அறையின் சுவரே தன் சுவர். சைக்கிள் வைத்திருந்தவன் இரவில் அதனை உள்ளே ஏற்றிக்கொள்வான். ஒரு வீட்டில் இருமினால் மறுவீட்டில் கேட்கும். அதுவே லயத்தின் காவல்.

1942ஆம் ஆண்டு சனவரித் திங்களில் போர் இவ்வழியே வந்தது. ஜப்பானியப் படையினர் பலர் சைக்கிள்களில் விரைந்தனர். மக்களிடம் இருந்த சைக்கிள்களையும் பறித்துக்கொண்டனர். மலாயாவில் வண்டித் திருட்டின் வரலாற்றை எழுதுவோர் இந்த அதிகாரத்தைத் தவிர்க்க இயலாது. பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பினர் பகைவரைத் தடுக்கும் பொருட்டு லாயாங் லாயாங்கிற்கு அருகிலிருந்த இருப்புப்பாதைப் பாலத்தைத் தகர்த்தனர். ஆனால், உரிய நேரத்துக்கு முன்னரே அது தகர்க்கப்பட்டது. பாலத்துக்கு அப்பால் பிரிகேடியர் பெயின்டர் தலைமையில் 22ஆம் இந்தியப் படைப்பிரிவு நின்றிருந்தது. அதனுடன் தொடர்பு கொள்ள வேண்டி, 9ஆம் இந்திய டிவிஷனின் தலைவர் மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ இருப்புப்பாதை வழியே முன்சென்றார். சனவரி 28ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். துண்டிக்கப்பட்ட படைப்பிரிவு காயமுற்றோரைச் சுமந்து காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தது. பிப்ரவரி முதல் நாள் சரணடைந்தது. அதற்கு முதல்நாள்தான் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடைப்பட்ட பாலத்தையும் தகர்த்திருந்தனர். பகைவனுக்கு எதிராக அடைத்த கதவு தன் ஆட்களையே வெளியில் நிறுத்தியது.

அடுத்து வந்த அவசரகாலத்தில் இது தலைகீழாயிற்று. கதவு மக்களை உள்ளே நிறுத்தியது. 1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களில் அவசரகாலச் சட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. துரைமார் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடு பொருத்தினர். பங்களாவைச் சுற்றி முள்வேலியும் மணல்மூட்டையும் அமைத்தனர். பேருந்துகள் கொளுத்தப்பட்டன, ரப்பர் மரங்கள் வெட்டிச் சிதைக்கப்பட்டன. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே பிரேசர் மலைச் சாலையில் தம் வண்டி வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் தலையாய வண்டிக்கே அன்று காவல் போதவில்லை.

லெப்டினன்ட் ஜெனரல் சர் ஹெரால்டு பிரிக்ஸ் 1950ஆம் ஆண்டில் வகுத்த திட்டம் ஜொகூரிலிருந்தே தொடங்கிற்று. காட்டோரங்களில் வாழ்ந்த மக்கள் ஐந்து லட்சம் பேர் அளவில் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். இதனை நம் வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. அவற்றுள் பல ஓரிரு வரிகளில் கடந்து செல்வது தோட்டங்களில் நிகழ்ந்த ஒன்றுதிரட்டல். தொலைவிற் சிதறிக் கிடந்த லயங்களைக் கைவிட்டுத் தொழிலாளரை ஓரிடத்தில் குவித்து, சுற்றிலும் கம்பிவேலி எழுப்பினர். இவ்வாறு குவிக்கப்பட்டோரும் பல லட்சம் பேர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர்.

வேலியின் வாயில் அந்தி சாய்ந்ததும் அடைக்கப்பட்டது, விடியலில் திறக்கப்பட்டது. பால்வெட்டும் தொழிலின் இயல்பு அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். அதிகாலைக் குளிர்ச்சியிலேதான் மரம் நன்கு பால் சுரக்கும். வெயில் ஏற ஏறச் சுரப்பு குறையும். வாயில் திறக்கும்வரை காத்து, வரிசையில் நின்று, சோதனைக்கு உட்பட்டுச் சென்றவர் தம் நிரையை அடையும்போது நல்ல பொழுது கழிந்திருக்கும். ஆடவரை ஆடவரும் பெண்டிரைப் பெண்டிரும் சோதித்தனர். தேடியது அரிசியை. ஒரு கைப்பிடி அரிசி வெளியே சென்றால் அது காட்டிலிருக்கும் கொரில்லாக்களைச் சேரும் என்பது அரசின் கணிப்பு. எனவே நண்பகல் உணவையும் காட்டுக்கு எடுத்துச் செல்லத் தடை. கடைகளில் விற்கும் தகரப் பால், மீன் முதலியவற்றை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சேமித்து வைக்க இயலாதபடி கெட்டுப்போகும் அல்லவா? சில பகுதிகளில் அரிசி தனித்தனியே வழங்கப்படாமல் பொதுக் கூடத்தில் சோறாகவே சமைத்துக் கொடுக்கப்பட்டது. தாயின் அடுக்களைக்கும் வாயிற்காவலன் வந்துவிட்டான் எனலாம்.

இவ்வேலி தொழிலாளியைக் காத்ததா? ஓரளவு காத்தது என்றே கூற வேண்டும். இரவில் வந்து மிரட்டிச் சந்தா தண்டியோரிடமிருந்து அது பலரை விடுவித்தது. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும், வேலிக்குள் இருந்தவன் காக்கப்பட வேண்டியவனாகவும் ஐயத்துக்கு உரியவனாகவும் ஒருங்கே எண்ணப்பட்டான். அவன் வாசலின் சாவி அவனிடம் இல்லை. ஜொகூர் நெடுநாள் தணியாத களமாகவே இருந்தது. தென்பகுதித் தலைவர் ஹோர் லுங் 1958ஆம் ஆண்டில் சரணடைந்த பின்னரே இம்மாநிலம் அமைதி கண்டது. 1960ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது.

கம்பி அகன்றது, ஆனால் தோட்டமும் நிலைக்கவில்லை. தோட்டத் துண்டாடல், ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை, குறைந்த ஆட்களைக் கொண்டே நடைபெறும் வேலை ஆகிய காரணங்களால் குடும்பங்கள் குளுவாங், கூலாய், ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் எனப் பிரிந்தன. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்னும் நிலையில், கையில் இருந்ததைத் திரட்டித் தாமான்களில் தரைவீடு வாங்கியோர் பலர். சேமநிதியிற் சேர்ந்த பணம் அதற்குத் துணையாயிற்று. முதலில் மோட்டார் சைக்கிள். பின்னர் 1985ஆம் ஆண்டில் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1994ஆம் ஆண்டில் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவை எளியோரின் முற்றத்துக்கும் காரைக் கொண்டுவந்தன. அம்முற்றத்துக்கு இரும்புக் கதவு போட்டனர். வீட்டுப் பத்திரம் கைக்கு வருமுன்னரே கதவுக்கு ஆள் சொல்லியவரும் உண்டு. அண்டையார் சிலர் இதனை வீண் பகட்டு என்று நகைப்பர். அந்நகைப்பு முறையன்று. மூன்று தலைமுறையாக அயலார் போட்ட வேலிக்குள் வாழ்ந்தவர் தம் கைப்பொருளால் போட்ட முதல் வேலி அது; அதன் சாவியைத் தாமே இடுப்பில் செருகிக்கொண்டனர்.

காவலில் சேர்ந்து நிற்கும் வழக்கம் மட்டும் கதவோடு வரவில்லை. லயத்தில் ஒரு கூக்குரலுக்குப் பத்துக் கதவு திறக்கும். தாமானில் வண்டியின் மணி அலறினால் யார் வண்டியோ என்று திரும்பிப் படுப்பர். அரசு 1975ஆம் ஆண்டில் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டையயலார் திட்டத்தைத் தோற்றுவித்து, ஆடவர் முறைவைத்து இரவு ரோந்து செல்லக் கட்டளையிட்டது. சீனர், மலாய்க்காரர், தமிழர் ஒரே கைவிளக்குடன் தெருவைச் சுற்றிய அவ்விரவுகள் நம் பாடநூல்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. 2012ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அது முன்னைய விதிகளுக்குப் பதிலாக அமைந்தது. இதற்கிடையே வசதியுள்ள குடியிருப்புகள் தெருவுக்கே தடுப்புக்கம்பு இட்டுக் கூலிக்குக் காவலர் வைத்துக்கொண்டன. 2010ஆம் ஆண்டில் அரசு இதற்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

அத்தடுப்புக்கம்பின் அருகே இன்று பல இடங்களில் அமர்ந்திருப்பவர் நேப்பாளத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளி. வருகின்ற வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிறார். பணி முடிந்ததும் அவர் சென்று படுப்பது நிறுவனம் கொடுத்த அறையில், உடன்வந்தோருடன் ஒரே வரிசையில். லயத்திற் பிறந்த முதியவர் சிலர் இரவு அவ்வழியே திரும்புகையில், வண்டியை நிறுத்தி அவருடைய ஊர்ப்பெயரைக் கேட்கின்றனர்.