ஆறில் ஐந்து பங்கு இருட்டு

ராத்திரி விமானத்தில் மதுரைக்கு வந்திருக்கிறீர்களா? இறங்குவதற்குச் சற்று முன்னால் ஜன்னல் வழியே பாருங்கள். நகரம் ஓர் ஒளிக் குவியல். அதிலிருந்து சாலைகள் விளக்குச் சரங்களாகக் கிளம்பி, திருமங்கலம், மேலூர் என்று அடுத்த குவியலில் போய் முடியும். நடுவில் பெரிய பெரிய இருட்டுத் திட்டுகள். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு திட்டு. அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அவ்வளவு பெரிய மலை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே தென்கால் கண்மாய். வெளிச்சம்தான் இல்லை. பொருள் இருக்கிறது.

வானத்து விஷயத்தில் இது மனிதனுக்கு உறைக்க ஆரம்பித்தது 1933-ல்.

அமெரிக்காவில் வேலை பார்த்த ஸ்விஸ் விஞ்ஞானி ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, கோமா என்கிற காலக்ஸிக் கூட்டத்தை ஆராய்ந்தார். காலக்ஸிகள் தலைதெறிக்கிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிகிற எடையை மட்டும் கணக்கில் எடுத்தால், அந்தக் கூட்டம் என்றைக்கோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. அப்படியானால், தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. அதுதான் டார்க் மேட்டர். தமிழில் கரும்பொருள்.

அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970-ல் வேரா ரூபின் என்ற பெண்மணியும் அவரது சகா கென்ட் ஃபோர்டும் நம் பக்கத்து வீட்டு ஆண்ட்ரோமெடா காலக்ஸியை அளந்தார்கள். விளிம்பில் சுற்றுபவை மெதுவாகத்தானே போக வேண்டும்? அவையும் அதே வேகத்தில் போயின. மறுபடியும் கணக்கு இடித்தது.

இன்றைய ஐந்தொகை இதுதான். பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளை ஆறு பங்காக்கினால், ஐந்து பங்கு கரும்பொருள். மீதி ஒரு பங்கில்தான் நீங்கள், நான், மலை, சூரியன் எல்லாம். (கரும் ஆற்றல் என்று இன்னொரு பூதம் இருக்கிறது. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.) அந்த ஒரு பங்காவது நட்சத்திரங்களாக மின்னுகிறதா? அதுவும் இல்லை. 2025-ல் வெளியான ஆய்வின்படி, அதில் சுமார் முக்கால்வாசி காலக்ஸிகளுக்கு நடுவே மெல்லிய வாயுவாகப் பரவிக் கிடக்கிறது.

சரி, யார் இந்தக் கரும்பொருள்?

முதலில் சந்தேகப்பட்டது நியூட்ரினோவை. சூரியனிலிருந்து கிளம்பி, உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்குச் சுமார் ஆறாயிரம் கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிப் போகின்றன. உங்களுக்குத் தெரிகிறதா? அவ்வளவு சாது. இந்த ஆசாமியைப் பிடிக்கப் பூமிக்குள் வெகு ஆழம் போக வேண்டும். போனார்கள். எங்கே? கோலார் தங்கவயலில்.

தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வெட்டிய சுரங்கம் அது. அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ 1965-ல் அகப்பட்டது. உலகில் முதன்முறையாக அதைப் பதிவு செய்த இரண்டு குழுக்களில் இது ஒன்று.

அடுத்ததும் நம்மவர்தான். ராமநாத் கௌசிக். நியூட்ரினோவுக்குத் துளி எடை இருந்தாலும், அதன் எண்ணிக்கை காரணமாகவே காலக்ஸிக் கூட்டங்களைக் கட்டிப்போட்டுவிடும் என்று 1970-களின் தொடக்கத்தில் மெக்லெலண்ட் என்பவருடன் சேர்ந்து எழுதினார். கேஸ் கிட்டத்தட்ட முடிந்த மாதிரி இருந்தது.

முடியவில்லை. நியூட்ரினோவை விடுதலை செய்தது ஒரு வரைபடம்!

1980-களில் காலக்ஸிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று படம் போட்டார்கள். சிலந்தி வலை மாதிரி வந்தது. இழைகள், இழைகள் சந்திக்கும் இடத்தில் கூட்டங்கள், நடுவே பிரம்மாண்டமான வெற்றிடங்கள். மதுரையை ஆகாயத்திலிருந்து பார்த்த அதே தினுசு. இன்னொரு பக்கம், கரும்பொருள் நியூட்ரினோவாகவே இருந்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். அது படுவேகக்காரன், ஓரிடத்தில் நிற்காது. சின்னச் சின்ன முடிச்சுகளைக் கலைத்துவிடும். முதலில் ராட்சதக் கூட்டங்கள்தான் உருவாகும், காலக்ஸிகள் தாமதமாகத்தான் பிறக்கும். வானம் அப்படி இல்லை.

ஆகவே, கரும்பொருள் நிதானமானது. அது முதலில் ஓரிடத்தில் திரண்டது. அதன் ஈர்ப்பில் சாதாரண வாயு போய் விழுந்தது, குளிர்ந்தது, நட்சத்திரமாகப் பற்றிக்கொண்டது. பள்ளமான இடத்தில் கண்மாய் நிறைகிற மாதிரிதான். தண்ணீர் தெரிகிறது, பள்ளம் தெரிவதில்லை. புனே விஞ்ஞானிகள் 2017-ல் அறிவித்த 'சரஸ்வதி' என்னும் காலக்ஸிப் பெருங்கூட்டமும் இந்த வலையின் ஒரு பெரிய முடிச்சு. நியூட்ரினோவுக்கு இந்தக் கதையில் கிடைத்தது மிகச் சிறிய வேடம்தான்.

ஆனால் அதன் மர்மம் தீரவில்லை. மூன்று வகை நியூட்ரினோக்களில் எடை வரிசை என்ன? இதற்காகத்தான் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து ஓர் ஆய்வகம் கட்ட 2015-ல் மத்திய அரசு அனுமதி தந்தது. 50,000 டன் இரும்புக் கருவி திட்டமிடப்பட்டது. 85 டன் மாதிரி ஒன்றை மதுரையில் 2018 முதல் இயக்கியும் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. நியூட்ரினோவால் ஆபத்து என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைவது பற்றிய பயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதே எடை வரிசையைக் கண்டுபிடிக்க சீனாவின் ஜூனோ ஆய்வகம் ஆகஸ்ட் 2025-ல் வேலையை ஆரம்பித்துவிட்டது.

கோலாரில் ஆழமான சுரங்கம் தயாராகவே இருந்தது. தங்கம் கட்டுப்படியாகவில்லை என்று ஆழப் பகுதிகளைக் கைவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஆய்வகம் போனது. 2001-ல் சுரங்கமே மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறியது. அதன் பிறகுதான் புதிதாகக் குடைய நமக்கு ஒரு மலை தேவைப்பட்டது.

தங்கம் தீர்ந்ததும் அந்தக் குழி வெற்றிடம் என்று கணக்கெழுதினோம். இருட்டாக இருந்தது, அவ்வளவுதான்.