வாசற்படியும் சட்டமும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. நாம் குடியிருக்கும் மனை ஒன்று. துன்பத்தினின்று விடுபட்ட பேரின்ப நிலை மற்றொன்று. விடுதல் என்ற வினையினின்று பிறந்த இச்சொல், நம்மிடையே வாழும் சிலருக்கு நேர்மாறான பொருளைத் தந்து வருகிறது. நடக்க இயலாத ஒருவர் மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்க நேர்ந்தால், அந்த வீடு அவருக்குச் சிறையாகவே அமைந்துவிடுகிறது.

அவரைச் சிறையிட்டது எது? அவருடைய காலா, கட்டடத்தின் படியா? உலகம் நெடுங்காலம் ‘கால்’ என்றே விடை கூறிற்று. ‘படி’ என்று விடை கூற அது கற்றுக்கொண்டது அண்மைக் காலத்திலேதான். நம் நாட்டில் இவ்விடை மாறிய வரலாற்றில் ஐதராபாத் நகருக்கு ஒரு தனி இடம் உண்டு. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

ஐதராபாத் படிகளால் பெருமை பெற்ற நகரம். 1591ஆம் ஆண்டில் எழுந்த சார்மினாரின் மேல்தளத்தை அடைய 149 படிகள் ஏறவேண்டும். கோல்கொண்டாக் கோட்டையின் உச்சிக்கோ முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். 1939இல் திறக்கப்பட்ட உஸ்மானியாக் கலைக்கல்லூரியின் முகப்பும் அகன்று உயர்ந்த படிக்கட்டுகளோடுதான் நம்மை வரவேற்கிறது. தமிழகத்திலும் இதே கதைதான். மலைக்கோயில்களுக்குப் படி, குளத்துக்குப் படி, திண்ணை வைத்த வீட்டுக்கும் படி. வீட்டைத் தரையினின்று உயர்த்திக் கட்டினால் மழைநீர் உட்புகாது. பார்வைக்கும் கம்பீரமாக இருக்கும். இவ்வாறு கட்டிய முன்னோர் யாரையும் விலக்கிவைக்கக் கருதினார் அல்லர். ஏற இயலாதவரை எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே. எண்ணாமையால் நேர்ந்த குறையை எண்ணிச் செய்யும் சட்டத்தால்தான் நீக்க முடியும்.

தன் மனவலிமையால் படிகளை வென்றவர்களும் இந்நகரத்தில் இருந்தார்கள். குழந்தைப் பருவத்திலே இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட எஸ். ஜெய்பால் ரெட்டி, ஊன்றுகோல்களின் துணையோடு உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, நாடாளுமன்றத்தின் சிறந்த பேச்சாளர்களுள் ஒருவராக விளங்கினார். 2006 முதல் 2011 வரை மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சராகவும் இருந்தார். 2019இல் மறைந்த அப்பெருமகனாரின் வாழ்வு போற்றத்தக்கது. ஆயினும் ஒருவர் ஏறிவிட்டார் என்பதனால் படி நியாயமாகிவிடாது. அத்தகைய ஆற்றலும் வாய்ப்பும் அமையாத பல்லாயிரவரும் தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும், வீட்டிலிருந்து தெருவுக்கும் செல்ல வேண்டியவர்களே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் மட்டும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இவர்களுக்கென நாடாளுமன்றம் இயற்றிய முதற் பொதுச் சட்டம் 1995ஆம் ஆண்டினது. ஆசிய, பசிபிக் நாடுகள் 1992 டிசம்பரில் பீக்கிங் நகரில் கூடி, மாற்றுத் திறனாளிகளுக்குச் சமவாய்ப்பு அளிப்பதாகச் செய்த பிரகடனத்தை ஒட்டி எழுந்தது அது. 1996 பிப்ரவரி 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வீடு கட்டச் சலுகை விலையில் நிலம் ஒதுக்கும் திட்டங்களை அரசுகள் வகுக்கவேண்டும் என்று அது கூறியது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைப்பது பற்றியும் கூறியது. ஆனால் சாய்தளத்தைப் பற்றிப் பேசிய இடத்தில் ஒரு நிபந்தனையையும் உடன் வைத்தது. பொருளாதார ஆற்றலுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்ட அளவில் இவற்றைச் செய்யலாம் என்பதே அந்நிபந்தனை. நடைமுறை மொழியில் இதற்கு ‘முடிந்தால் செய்க’ என்று பொருள். கடமையை ‘முடிந்தால்’ என்ற சொல்லோடு சேர்த்து எழுதினால், அது எந்நாளும் முடியாமலே போவது உலக இயல்பு.

அடுத்த கட்டம் உலக அரங்கில் நிகழ்ந்தது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபர் 1ஆம் நாள் அதனை உறுதி செய்தது. எங்கே வாழ்வது, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை மாற்றுத் திறனாளிகளுக்கு உண்டு என்று அவ்வுடன்படிக்கை அறுதியிட்டுச் சொல்லிற்று. அணுகுதற்குரிய சூழலை அமைத்துத் தருவது அரசுகளின் கடமை என்றும் சொல்லிற்று. இரக்கத்தின் மொழி அங்கே உரிமையின் மொழியாக மாறியது. தமிழகத்தில் ‘ஊனமுற்றோர்’ என்ற வழக்கு நீங்கி, ‘மாற்றுத் திறனாளிகள்’ என்ற சொல் அரசு வழக்காக நிலைபெற்றதும் இந்த மனமாற்றத்தின் ஒரு கூறே எனலாம்.

உடன்படிக்கைக்கு ஏற்ப நாட்டின் சட்டத்தைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டு மத்திய அரசு டாக்டர் சுதா கௌல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவுக்குச் சட்ட ஆலோசனை வழங்கும் பணி ஐதராபாத் நகரையடுத்த ஷாமீர்பேட்டையில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1998இல் தோன்றிய இப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியை அமிதா தாண்டா, மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். குழு 2011இல் தன் வரைவை அளித்தது. அவ்வரைவு பல கைகளில் மாறி, பல பகுதிகள் திருத்தப்பட்டு, 2016 டிசம்பரில் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமாக நிறைவேறிற்று. 2017 ஏப்ரல் 19ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அறிந்திருந்தது. புதிய சட்டம் இருபத்தொன்றை அறிந்தது. வீட்டைப் பொறுத்தவரை அது மூன்று செய்திகளைக் கூறுகிறது. முதலாவது, எவரையும் ஒரு குறிப்பிட்ட இல்லத்தில்தான் வாழவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது. சமூகத்தின் நடுவே வாழ்வது அவர் உரிமை. இரண்டாவது, அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் 5 சதவீதம் குறிப்பிட்ட அளவு குறைபாடு உடையோருக்கு; அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. மூன்றாவது, மத்திய அரசு அணுகல் விதிகளை வகுக்கவேண்டும். அவ்விதிகளுக்கு ஒவ்வாத வரைபடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி தரலாகாது. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றும் தரலாகாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளிவந்த நாள்முதல் ஐந்தாண்டுகளுக்குள் திருத்தியமைக்க வேண்டும்.

வரைபட அனுமதியோடு இவ்விதியைப் பிணைத்ததில்தான் சட்டத்தின் நுட்பம் உள்ளது. சாய்தளத்துக்கு வகுக்கப்பட்டுள்ள சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது, தளம் ஓரடி உயர்ந்தால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளவேண்டும். இரண்டடி உயர்ந்தால் இருபத்து நான்கு அடி. அதனினும் குறுகினால் சக்கர நாற்காலி பின்னுக்குச் சரியும். தள்ளுபவர் கையும் சோரும். வாசலின் அகலம் ஏறத்தாழ மூன்றடி வேண்டும். நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி விட்டமுள்ள வெளி வேண்டும். குளியலறையின் கதவு குறுகலாக இருப்பின் ஏனைய அறைகள் எத்துணை அகன்றிருந்தும் பயன் இல்லை. இவையெல்லாம் தாளில் கோடு இழுக்கும் பொழுது சிறு மாற்றங்களே. கட்டடம் எழுந்துவிட்ட பின்போ, வாசலுக்கும் தெருவுக்கும் இடையே இருபத்து நான்கு அடிக்கு எங்கே போவது? தூணை இடிக்கவும் முடியாது. மனையை நீட்டவும் முடியாது.

இத்துணைச் சிறந்த ஏற்பாடு எங்கே தளர்ந்தது? 2017 ஜூன் மாதம் வெளிவந்த விதிகளில் தளர்ந்தது. சட்டத்தின் 40ஆம் பிரிவு ‘விதிகளை வகுக்க’ என்று பணித்திருக்க, 15ஆம் விதியோ பல்வேறு அமைச்சகங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைச் சுட்டிக்காட்டிவிட்டு அமைந்தது. அந்நெறிகளிலோ கட்டளையினும் பரிந்துரையே மிகுதி. வாயில் வழியே வெளியேற்றிய ‘முடிந்தால்’ என்ற சொல் சாளரத்தின் வழியே உள்ளே புகுந்துவிட்டது. திருத்தத்துக்குக் குறித்த ஐந்தாண்டுக் காலமும் 2022இல் கடந்துபோயிற்று.

இதனிடையே உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நெடுநாள் நடந்துவந்தது. பார்வைக் குறைபாடு உடைய ராஜீவ் ரதூரி என்பவர், சாலைகளும் போக்குவரத்தும் பொதுவிடங்களும் தம்மைப் போன்றோர் அணுகும் வண்ணம் அமையவேண்டும் என்று 2005ஆம் ஆண்டில் தொடுத்த பொதுநல வழக்கு அது. 2017 டிசம்பர் 15ஆம் நாள் நீதிமன்றம் அரசுகளுக்குப் பல கட்டளைகளையும் காலவரையறைகளையும் வழங்கிற்று. ஆண்டுகள் சென்றன, பணி நிறைவேறவில்லை. 2023 நவம்பரில் நீதிமன்றம் ஐதராபாத்தின் நல்சார் பல்கலைக்கழகத்தில் இயங்கும் மாற்றுத் திறனாளிகள் ஆய்வு மையத்தை அழைத்து, நாட்டில் அணுகுரிமையின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு பணித்தது.

சட்டம் பிறக்கும்போது துணைநின்ற நகரமே, அது வளர்ந்த விதத்தை அளந்து பார்க்கும் பொறுப்பையும் இவ்வாறு பெற்றது. ‘எல்லோருக்கும் ஏற்ற அளவு’ என்னும் கருத்தைத் தலைப்பிலே தாங்கி வந்த அம்மையத்தின் அறிக்கை, நோயின் வேரைச் சுட்டியது. கட்டாயமானது எது, விரும்பத்தக்கது எது என்ற எல்லையே விதிகளில் இல்லை. எல்லை இல்லாதபோது மீறல் என்பதும் இல்லை.

2024 நவம்பர் 8ஆம் நாள் தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையில் அமைந்த மூவர் ஆயம் தீர்ப்புக் கூறியது. 15ஆம் விதியின் முதற் பகுதி மூலச் சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது, ஆதலின் செல்லாது என்றது. விட்டுக்கொடுக்கலாகாத அடிப்படை அளவுகளைத் தனியே பிரித்துக் கட்டாய விதிகளாக மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அப்பணியில் நல்சார் மையத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கூறியது. அத்தீர்ப்பு தெளிவுபடுத்திய மற்றொரு கருத்தும் நினைவில் வைக்கத்தக்கது. ஒரு மனிதர் வந்து கேட்டபின் அவருக்கென்று செய்து தரும் உதவி வேறு. கேட்பதற்கு முன்னரே எல்லோருக்குமாக அமைந்திருக்கவேண்டிய வசதி வேறு. சாய்தளம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வாசலுக்கு வெளியே நின்று ஒருவர் குரல் கொடுத்த பின்னர்க் கட்டத் தொடங்குவது கடமை ஆகாது.

இனி, வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் நம் வாசலுக்கு வருவோம். சட்டம் கூறும் ‘பொதுக் கட்டடம்’ என்பது பொதுமக்கள் வந்துபோகும் இடம்: பள்ளி, அலுவலகம், அங்காடி, மருத்துவமனை போன்றவை. நாம் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு அதனுள் தெளிவாக அடங்கவில்லை. ‘நிறுவனம்’ என்ற சொல்லில் கட்டுமானக் குழுமங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அடங்குவதால், இனி அவை கட்டுவனவற்றைக் கட்டாய விதிகள் கட்டுப்படுத்த இடம் உண்டு. முன்னரே எழுந்துவிட்ட குடியிருப்புகளின் நிலையோ பெரும்பாலும் அங்கே வாழ்வோரின் நன்மனத்தைப் பொறுத்தே நிற்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், நான்கும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட கட்டடங்கள் 1991 மார்ச்சுக்குப் பின் குடிபுகுவதற்கெனக் கட்டப்பட்டால், அவை சக்கர நாற்காலி செல்லுமாறு அமையவேண்டும் என்று வீட்டையே நேராகச் சுட்டிப் பேசிற்று. நம் சட்டமும் அத்தெளிவை எய்தவேண்டும். 5 சதவீத ஒதுக்கீட்டில் வீடு பெற்றவர் ஏறமுடியாத மாடியில் அவ்வீட்டைப் பெற்றால், கையில் சாவி இருந்தும் உள்ளே வாழ்வு இல்லை. பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தின் நெறிகள் மாற்றுத் திறனாளிகளுக்கும் முதியோருக்கும் கீழ்த்தளத்தில் முன்னுரிமை கூறுவது இதனை உணர்ந்தே.

பிழைப்பை நாடி வந்த நகரத்தில் கிடைத்த மாடியில் குடியேறுகிறோம். சில ஆண்டுகள் கழித்து ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வருகிறோம். திண்ணையில் அமர்ந்து தெருவோடு உறவாடிய தாய், இங்கே சாளரத்தின் வழியே தெருவைப் பார்த்தபடி நாளைக் கழிக்கிறார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சாய்தளமோ கைப்பிடியோ கேட்டால், ‘ஒருவருக்காக இவ்வளவு செலவா? முகப்பின் அழகு கெடாதா?’ என்ற கேள்வி எழுகிறது. ஒருவருக்காக அன்று. முதுமை எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டும். முறிந்த எலும்பும், கைக்குழந்தையும், சமையல் வாயு உருளையும் சாய்தளத்தை நாடும். சார்மினாரின் படிகளைக் கலைச்செல்வமாகக் காப்போம். நம் வீட்டுப் படிகளை அவ்வாறு காக்கவேண்டிய தேவை இல்லை.

‘முடிந்தால்’ என்ற ஒரு சொல்லை நீக்க நாட்டின் சட்டத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. நம் சங்கக் கூட்டங்களில் அச்சொல்லை நீக்க ஒரு மாலைப்பொழுது போதும். அடுத்த கூட்டத்திலே அதனைச் செய்வோம். அன்று, வீடு என்னும் தமிழ்ச்சொல் அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தன் இரண்டு பொருளையும் தரும்.