வெயில் வராத வருசம்

மழை தவறினா எங்க ஊர்ல முதல்ல வானத்தைப் பார்ப்போம், அப்புறம் கோயிலுக்குப் போவோம். 1816-ல் அமெரிக்காவின் வடகிழக்கில் இருந்த விவசாயிகளும் அப்படித்தான் நின்னாங்க.

அங்கே ஜூன்னா மக்காச்சோளம் வளருற கோடைக்காலம். அந்த வருசம் ஜூன் முதல் வாரத்துல வெண்பனி கொட்டிச்சு. ஜூலை, ஆகஸ்டிலும் உறைபனி. பயிர் கருகிப் போய், அடுத்த போகத்துக்கு விதைச்சோளமே தட்டுப்பாடு. விதை இல்லாத வீடு எப்படி இருக்கும்னு எந்த விவசாயிக்கும் சொல்லத் தேவையில்லை. வெர்மான்ட் பக்கம் பல குடும்பங்கள் நிலத்தை விட்டுட்டு மேற்கே வண்டி கட்டினாங்க.

காரணம் உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பல் சீக்கிரம் கீழே விழுந்துடும். கந்தக வாயு அப்படியில்லை. மழை மேகத்துக்கும் மேலே போய், நுண்துளிகளாக மாறி, நாத்தங்கால் மேலே பந்தல் போட்ட மாதிரி உலகம் முழுக்கப் பரவி வெயிலை மறைத்தது. 1809-ல் நடந்த இன்னொரு பெரிய வெடிப்பால் அந்தப் பத்தாண்டே ஏற்கெனவே குளிர்ந்துதான் கிடந்தது. தம்போராவால் உலகச் சராசரி வெப்பம் மேலும் அரை டிகிரி அளவுக்குக் குறைந்தது. அரை டிகிரிதானேன்னு நினைக்காதீங்க. அது சராசரி, சில ஊர்களில் பல டிகிரி.

இரண்டு மூணு வருசத்தில் பந்தல் கலைஞ்சு வெயில் திரும்பியது. ஆனா எரிமலைதான் காரணம்னு அறிவியல் சொல்ல நூறு வருசம் ஆச்சு. அதுக்குள்ள, விட்டுட்டுப் போன நிலத்துக்காகத் தன்னையே நொந்துகிட்டு எத்தனை பேர் செத்திருப்பாங்களோ.