தாத்தா சொன்ன அதே கதை

"இதையே எத்தனை தடவை சொல்வீங்க, தாத்தா?" சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் வாழ்ந்த தோட்டத்து லயங்களில் பேரப்பிள்ளைகள் இப்படிச் சலித்துக்கொண்டது உண்டு. அந்தச் சலிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1943 அக்டோபர் வரை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். தென் மாநிலங்களில் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டவர்கள் பாரிட் புந்தார் நிலையத்தைக் கடந்துதான் வடக்கே பாடாங் பெசார் எல்லையை அடைய வேண்டும். பசியும் மலேரியாவும் 1943இல் பரவிய காலராவும் அவர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றன. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

அதே பாதையில் சுமார் 12,000 போர்க் கைதிகளும் இறந்தனர். காஞ்சனாபுரி கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சிப்பாய்களில் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே பதிவேடு, திரும்பி வந்தவரின் வாய்தான். அதனால்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிள்ளைகளையும் குற்றம் சொல்ல முடியாது. விடியலில் பால்மரம் வெட்டப் போய் அலுத்து வந்தவர்களுக்குப் பிணக்கதையை நாள்தோறும் கேட்பது பெரும் பாரமே.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். முதியவர்கள் பழையதைப் பேசுவது புத்தி தடுமாற்றம் அல்ல. வாழ்ந்த வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கும் இயல்பான செயல் என்றார் அவர்.

அப்படியானால் வீட்டார் என்ன செய்யலாம்? மாலைத் தேநீருக்குப் பின் அரை மணி நேரம் என ஒதுக்கலாம். ஒருவரே சுமக்காமல் முறைவைத்துக் கேட்கலாம். மனம் தாங்காத அன்று, "மிச்சத்தை நாளைக்குக் கேட்கிறேன் தாத்தா" என்று பணிவாகச் சொல்லலாம். எல்லாவற்றையும்விட, கதையை நிறுத்தச் சொல்லாமல் புதுக் கேள்வி கேட்கலாம். "உங்க பக்கத்தில் படுத்திருந்தவர் எந்தத் தோட்டம்? அவர் பேர் என்ன?" அந்தக் கேள்வியில், பழைய கதைக்குள்ளிருந்து இதுவரை வெளிவராத ஒரு பெயர் வந்துவிடலாம்.

சயாம் போய் வந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஆனால் அந்தக் கதையைக் கேட்டுச் சலித்த பிள்ளைகள் இப்போது பாட்டன் பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை எடுத்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள்.