ஒரே வீடு, ஒரே பெயர்: மும்பைத் தமிழர் குடும்பங்களில் வீட்டுரிமையின் வரலாறு

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற பரம்பரைச் சொத்துகளுள் உடன்பிறந்தாரிடையே மிகுந்த பிணக்கை விளைவித்தது, தலைமுறைகளாகக் குடியிருந்த வீடே ஆகும். பலர் உழைப்பில் உருவான அவ்வீட்டை ஆவணங்கள் ஒருவர் பெயரிலேயே பதிவு செய்தன. அந்த ஒருவர் மறைந்ததும், பெயர் இல்லாதவர்களின் பங்கும் சேர்ந்தே மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதிகளிலும் இந்த முரண் மூன்று வெவ்வேறு சட்ட வடிவங்களில் வளர்ந்தது.

1896இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பிறகு, நெருக்கடி மிகுந்த நகரைச் சீரமைக்க 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது திட்டமிட்டு உருவாக்கிய மாட்டுங்காவில் அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் பணியாற்றிய தமிழர்கள் வாடகைக்குக் குடியேறினர். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகை உயர்வைக் கட்டுப்படுத்தியதால், குடியேறும்போது பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்துவிட்டு, பின்னர் சிறு வாடகை மட்டும் செலுத்தும் ‘பகடி’ முறை வேரூன்றியது. குடியிருப்பவர் இறந்தால், அவருடன் வசித்துவந்த குடும்ப உறுப்பினருக்கே வாடகை உரிமை செல்லும் என்றும், உடன்பாடு ஏற்படாவிட்டால் நீதிமன்றம் முடிவு செய்யும் என்றும் அச்சட்டம் வகுத்தது. அதற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்த அடிப்படையையே தொடர்ந்தது. இதனால், பெற்றோருடன் தங்கிய பிள்ளைக்கு உரிமையும், வேலைக்காகவோ திருமணத்தாலோ வெளியேறிய பிள்ளைக்கு ஏமாற்றமும் கிடைத்தன. பகடித் தொகையைத் திரட்ட யார் கொடுத்தார், யார் கடன்பட்டார் என்ற கேள்விக்கு அந்த விதியில் இடம் இருக்கவில்லை.

1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் எழுந்ததைத் தொடர்ந்து, அருகிலிருந்த செம்பூரில் தமிழ் ஊழியர்களின் குடியிருப்பு பெருகியது. 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்படி, அங்குள்ள கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க உறுப்பினர் தமக்குப் பின் பங்கைப் பெறுபவராக ஒருவரை நியமிக்கலாம். இந்த நியமனத்தைப் பல குடும்பங்கள் உயிலாகவே எண்ணிக்கொண்டதில்தான் பூசல் தொடங்கியது. நியமனம் பெற்றவரைச் சங்கம் தன் பதிவேட்டில் ஏற்க வேண்டும் என்றாலும், மற்ற வாரிசுகள் உரிமை கோருவதற்கு அது தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் இந்திராணி வாஹி வழக்கில் தெளிவுபடுத்தியது.

தாராவியின் நிலை இவ்விரண்டினும் கடுமையானது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலிலும் பிற வேலைகளிலும் ஈடுபட்ட குடும்பங்கள் சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டின. ஆனால் பெரும்பாலான நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. 1976ஆம் ஆண்டின் குடிசைக் கணக்கெடுப்புக்குப் பின் வழங்கப்பட்ட, குடும்பத் தலைவரின் படம் ஒட்டிய ‘போட்டோபாஸ்’ என்னும் அடையாள அட்டையே குடியிருப்புக்குச் சான்றாயிற்று. தம்பிக்குத் திருமணமாகும்போது அதே வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்பப்படுவது வழக்கமாயிற்று. இன்றைய மறுசீரமைப்புத் திட்டம் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீட்டை இலவசமாக அளிக்க முன்வருகிறது. மேல்தளத்தில் வாழ்பவருக்கோ தாராவிக்கு வெளியே, தவணை செலுத்திச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு முன்வைக்கப்படுகிறது. ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொண்ட அண்ணனையும் தம்பியையும் இரு வேறு தகுதியினராக ஆக்கும் இந்தப் பிரிவினை, அவர்கள் விரும்பிச் செய்துகொண்ட பாகப்பிரிவினை அன்று.

இம்மூன்று பகுதிகளிலும் மிகுதியாக விலக்கப்பட்டவர்கள் சகோதரிகளே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான பங்கைத் தந்தது. ஆயினும் அதன் 23ஆம் பிரிவு, குடும்பம் வசிக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பெண் வாரிசு பாகம் கேட்க இயலாது என்று தடுத்தது. கூட்டுக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் பிறப்பாலேயே பங்குபெறும் உரிமையைத் தமிழ்நாடு 1989இலும், மகாராஷ்டிரம் 1994இலும் மகள்களுக்கு வழங்கின. எனினும், அதற்கு முன்பே மணமானவர்களை இரு மாநிலங்களும் விலக்கி வைத்தன. 2005ஆம் ஆண்டின் திருத்தம் 23ஆம் பிரிவை நீக்கி, பிறப்புரிமையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. அத்திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பின்னரும், சீர் செய்து அனுப்பியதோடு அவள் பங்கு தீர்ந்தது என்ற வாதமும், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுவதே நல்ல தங்கைக்கு அழகு என்ற எதிர்பார்ப்பும் மறையவில்லை.

ஆகவே, குடும்ப வரலாற்றை ஏற்பது என்பது பழம்பெருமையைப் போற்றுவதோடு முடிவதில்லை. முன்பணத்துக்காக அடகு வைத்த தாயின் நகை, தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்திய அக்காவின் சம்பளம், சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய சித்தப்பாவின் உழைப்பு ஆகியவையும் வீட்டின் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. அதே நேர்மையோடு, பெற்றோரின் முதுமையில் உடனிருந்து பேணிய பிள்ளையின் உழைப்பையும் விலகியிருந்தவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். பெற்றோர் வாழும் காலத்திலேயே இந்தப் பங்களிப்புகளைப் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் பேசி, தம் பெயரில் உள்ள சொத்துக்கு அவற்றை மதிக்கும் உயிலை எழுதி வைப்பது, பின்னால் வரும் எந்தத் தீர்ப்பையும்விட நியாயமானது. ஒருவர் பெயரை மட்டும் கேட்கும் ஆவணத்தை நகரம் தொடர்ந்து கேட்கலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு உரியதைத் தர வேண்டிய கடமை குடும்பத்தினுடையது.