கணக்கு போட்டதால் கணினி கெட்டதா?

டெஸ்க்டாப் கணினி திடீர்னு தானாகவே ரீஸ்டார்ட் ஆனால் யாரைச் சந்தேகப்படுவோம்? முதலில் வைரஸ், அடுத்து விண்டோஸ், அப்புறம் ரேம். 2000களின் தொடக்கத்தில் இந்த வரிசையில் தேடிய பலர், மதர்போர்டில் ப்ராசஸர் பக்கத்தில் நிற்கும் குட்டி டப்பாக்களைக் கவனிக்கவே இல்லை. அவைதான் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள்.

அன்றைய ப்ராசஸருக்கு வேண்டியது ஒன்றரை வோல்ட் அளவுதான், ஆனால் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை மதர்போர்டு வெட்டி வெட்டிக் குறைக்கும். அதில் வரும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது கெப்பாசிட்டரின் வேலை. அதற்குள்ளே அலுமினியத் தகடுகள், நடுவில் திரவத்தில் ஊறிய காகிதம். திரவத்தில் தண்ணீர் கூடினால் மின்தடை குறையும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அதைத் தடுக்கும் ரசாயனம் சரியில்லை என்றால் டப்பா வீங்கும், உச்சியில் உள்ள கீறல் பிளந்து கசியும். இதில் ஒரு சிக்கல்: சாதா மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் சரியாகவே தெரியலாம். அதனால்தான் பழி ரேம் மேலும் விண்டோஸ் மேலும் விழுந்தது.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஒரு திருட்டுக் கதை. ஜப்பானிய ஃபார்முலாவை யாரோ அரைகுறையாகத் திருடி தைவானுக்குக் கொண்டுபோனார்களாம். 2003 பிப்ரவரியில் ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் இதழ்கூட இதைப் பற்றி எழுதியது. சுவாரசியமான கதைதான். ஆனால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய வழக்குக்கு இது பொருந்தவில்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் பழுதானவை நிச்சிகான் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கெப்பாசிட்டர்கள்!

2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய கணினிகளில் குறைந்தது 1.18 கோடி, இந்தப் பழுது வரக்கூடியவை. 2005இல் அந்த நிறுவனம் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது. 2007இல் ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளியே வந்தபோதுதான் மிச்ச விஷயம் தெரிந்தது. பிரச்சினை தெரிந்திருந்தும், தானாகப் போய் வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள் என்று விற்பனையாளர்களுக்கு அறிவுரை போயிருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கணினிகள் செத்தபோது டெல் சொன்ன காரணம் இன்னும் அருமை: கடினமான கணக்குகளைப் போடவைத்து இயந்திரத்தைச் சோர்வடைய வைத்துவிட்டீர்களாம்! கணிதத் துறையில் வேறு என்ன செய்வார்கள்?

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். பழுது பொருளில் இருக்க, குற்றம் பயன்படுத்தியவர் தலையில் விழுந்தது. டெஸ்க்டாப்பின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். டப்பாவின் உச்சி தட்டையாக இருக்கணும். மேடாக இருந்தால், எந்த மென்பொருளை மாற்றியும் பயனில்லை.

இப்போது மதர்போர்டுகளில் பெரும்பாலும் திரவம் இல்லாத பாலிமர் கெப்பாசிட்டர்கள் வருகின்றன. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மட்டும் பழைய வகை இன்னும் இருக்கு. அதை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.