குழந்தையின் அறுவை நாளும் பெற்றோரின் இடமும்: பிரிட்டனில் ஒரு விதி தளர்ந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனின் பொது மருத்துவமனையில் ஒரு குழந்தை அறுவைச் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டால், பெற்றோரின் பங்கு பெரும்பாலும் சேர்க்கைப் பதிவோடு முடிந்துபோனது. அறுவை எந்த நேரத்தில் நடக்கிறது, குழந்தை எப்போது கண்விழித்தது, விழித்ததும் யாரைக் கேட்டது என்பதெல்லாம் வார்டுக்குள் நடந்து வார்டுக்குள்ளேயே அடங்கிவிடும் செய்திகள். 1949இல் லண்டன் வார இதழ் ஒன்றில் வெளியான பட்டியல், நகரின் பெரிய மருத்துவமனைகள் குழந்தைகளைப் பார்க்க அனுமதித்த நேரங்களைத் தொகுத்துக் காட்டியது. கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 மணி வரை மட்டுமே அனுமதி இருந்தது. செயின்ட் தாமஸில் முதல் மாதம் முழுவதும் சந்திப்பு கிடையாது என்றாலும், மாலை 7 மணிக்கு மேல் உறங்கும் குழந்தையைப் பெற்றோர் பார்த்துவிட்டுப் போகலாம். லண்டன் மருத்துவமனையிலோ மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடுப்புக்கு அப்பால் நின்று பார்ப்பதோடு சரி. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்கொரு தாயோ பாட்டியோ அமர்ந்திருப்பதைக் கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு, இப்படியொரு விதி மருத்துவத்தின் பெயரால் இருந்தது என்பதே நம்பக் கடினமாக இருக்கும்.

விதிக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 1852இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 10 படுக்கைகளோடு குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கிய காலத்தில், தட்டம்மை, செங்காய்ச்சல், தொண்டை அடைப்பான் ஆகியவை ஒரு குழந்தையிடமிருந்து வார்டு முழுவதற்கும் பரவக்கூடியவையாக இருந்தன; அவற்றுக்கு மருந்தும் இல்லை. வெளியிலிருந்து வருபவர் நோயைக் கொண்டுவருவார் என்ற அச்சம் ஒருபுறம் இருக்க, வார்டின் ஒழுங்கைப் பற்றிய கவலை மறுபுறம் இருந்தது. தாய் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் சில நாட்களில் அமைதியடைந்துவிடுகிறது என்பது செவிலியர் ஒவ்வொருவரும் கண்ணால் கண்ட உண்மை. கண்டது உண்மைதான், அந்த அமைதிக்கு அவர்கள் கொண்ட பொருள்தான் தவறு என்பதை நிறுவ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இந்த விதியை முதலில் மீறியவர்கள் தாயன்பைப் பற்றிப் பேசிய சீர்திருத்தக்காரர்கள் அல்லர், தையல் பிரியாமல் காயம் ஆற வேண்டுமே என்று கவலைப்பட்ட அறுவை மருத்துவர்கள் என்பது இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. கிளாஸ்கோவின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் நிக்கோல், அதன் புறநோயாளர் பிரிவில் பத்தாண்டுகளில் தாம் செய்த 8,988 அறுவைகளைப் பற்றி 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் முன் விவரித்தார். குடலிறக்கம், உதட்டுப் பிளவு, பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் வளைபாதம் முதலியவற்றுக்காக அறுவை செய்யப்பட்ட அக்குழந்தைகள், காயத்தின் மேல் கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டனர். பிறகு செவிலியர் வீடு தேடிச் சென்று கவனித்துக்கொண்டனர். சிறு குழந்தையைப் படுக்கையில் அசையாமல் கிடத்திவைக்க எந்தச் செவிலியராலும் இயலாது, தாயின் மடியில் அது தானாகவே அடங்கிக் கிடக்கும், தாய்ப்பாலும் தடைப்படாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மருத்துவமனைக்கு அருகில் சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்துப் பாலூட்டும் தாய்மாரைக் குழந்தைகளோடு அங்கே தங்கவைத்தும் பார்த்தார். காலையில் சேர்த்து மாலையில் வீட்டுக்கு அனுப்பும் இன்றைய ‘பகல்நேர அறுவை’ முறைக்கு முன்னோடி என்று மருத்துவ வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. தாயைச் சிகிச்சைக் குழுவில் ஒருவராக நடத்தியவர் என்பதற்காகவும் கொண்டாடியிருக்கலாம்.

அறிஞர் கூட்டத்தில் கேட்டுப் பாராட்டப்பட்ட இக்கருத்து வார்டுகளின் வாசலைத் தாண்டவில்லை. 1920களில் நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் சிறிய மருத்துவமனையை நடத்தினார். 1940களில் நியூசிலாந்தில், ஒட்டறுவை மருத்துவர்களான ஹென்றி பிக்கரில், செசிலி பிக்கரில் தம்பதியர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அண்ணப் பிளவை, அதாவது மேல்வாயின் நடுவே பிறவியிலேயே அமைந்த இடைவெளியை, மூடும் தையலில் கிருமி தொற்றினால் அத்தனை உழைப்பும் வீணாகிவிடும். கிருமியோ பெரும்பாலும் ஒரு குழந்தையைத் தொட்ட செவிலியரின் கைவழியாகவே அடுத்த குழந்தையை அடைந்தது. எனவே ஒவ்வொரு தாயும் தன் குழந்தையை மட்டும் தொட்டுப் பராமரிக்க வேண்டும் என்று அவர்கள் ஏற்பாடு செய்தனர். நோய்த்தொற்று என்ற பெயரைச் சொல்லி எவரை ஓரிடத்தில் வெளியேற்றினார்களோ, அவரையே இன்னோரிடத்தில் அதே காரணத்துக்காக உள்ளே அழைத்தார்கள்.

பிரிட்டனில் விதியைப் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தவர் மருத்துவரல்லாத ஒருவர். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ராபர்ட்சன், போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்ட் லண்டனில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தவர். அங்கே எந்த வேலை செய்பவரானாலும் தாம் கண்ட குழந்தையின் நடத்தையை அட்டையில் எழுதித் தர வேண்டும் என்பது வழக்கம். அவர் உற்றுநோக்கக் கற்றது அங்கேதான். பின்னர் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் உளவியல் மருத்துவர் ஜான் போல்பியோடு சேர்ந்து, மருத்துவமனையில் தனியே விடப்பட்ட சிறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ராபர்ட்சன், பிரிவின் துயரை மூன்று கட்டங்களாக வகுத்தார்: முதலில் தாயைக் கேட்டு அழுது எதிர்ப்பது, அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்குவது, இறுதியில் தாய் வந்தாலும் வேண்டாதவரைப் போல ஒதுங்குவது. வார்டில் ‘பழகிவிட்டது’ என்று பாராட்டப்பட்ட குழந்தை, அவர் கணக்கில் இரண்டாம் கட்டத்திலோ மூன்றாம் கட்டத்திலோ இருந்தது.

சொல்லிப் பார்த்தும் மருத்துவர்கள் ஏற்காததால் அவர் கைக்கேமராவை நாடினார். 1952இல் திரையிடப்பட்ட ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது’ என்ற படம், தொப்புள் குடலிறக்கத்துக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட ஒரு சிறுமியைப் பின்தொடர்ந்தது. வேண்டுமென்றே அழும் காட்சிகளைப் பொறுக்கியெடுத்தார் என்ற குற்றச்சாட்டு வரும் என்று எதிர்பார்த்து, குழந்தையைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் முன்கூட்டியே குறித்த நேரங்களில் மட்டும், வார்டுக் கடிகாரம் தெரியும்படி படமெடுத்திருந்தார். அச்சிறுமி ஓலமிடவில்லை என்பதே படத்தின் வலு. அழுகையை அடக்க முயல்வதும், தாய் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும், வீடு திரும்பும் நாளில் நீட்டிய கையைப் பற்ற மறுப்பதும்தான் அதில் உள்ளன. அந்த ஆண்டு நவம்பரில் அரச மருத்துவச் சங்கத்தில் இதைக் கண்ட மருத்துவர் பலர் கோபமடைந்தனர்; தங்கள் தொழிலை இழிவுபடுத்துவதாகக் கூறினர். ஆனால் கோபப்பட்டவர்களுள் ஒருவரான குழந்தை மருத்துவர் டெர்மாட் மக்கார்த்தி, தம் வார்டுக்குத் திரும்பிய பின் அதே முகத்தைத் தம் நோயாளிகளிடமும் கண்டு மனம் மாறி, அமர்ஷம் நகர மருத்துவமனையில் தாய்மாரைத் தங்க அனுமதித்தார். ராபர்ட்சனின் இரண்டாவது படம் அங்கேதான் எடுக்கப்பட்டது.

அரசு 1956இல் அமைத்த குழுவுக்கு ஹாரி பிளாட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தலைமை தாங்கினார். 1959இல் வெளிவந்த அதன் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்துபோகலாம் என்றும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு தாய் தங்க வழி செய்யவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு ஏற்றது, மருத்துவமனைகள் மெத்தனமாக இருந்தன. 1961இல் ராபர்ட்சன் தொலைக்காட்சியில் பேசியதைத் தொடர்ந்து, லண்டன் பாட்டர்சீ பகுதித் தாய்மார் சிலர் சங்கமாகத் திரண்டு, எந்த மருத்துவமனை அறிக்கையை நடைமுறைப்படுத்துகிறது என்று தாங்களே விசாரிக்கத் தொடங்கினர். அறிக்கையின் அச்சுத்தாள் செய்யாததைப் பெருமளவு செய்தவர்கள் இவர்கள்தான்.

வார்டு திறந்த பின்னும் அறுவைக் கூடத்தை ஒட்டிய மயக்கமருந்து அறை மூடியே இருந்தது. குழந்தை கண்ணயரும் வரை தாயோ தந்தையோ கையைப் பற்றியிருக்கலாம் என்ற வழக்கம் அடுத்த பல ஆண்டுகளில் மெல்லப் பரவியது. ஊசி குத்துமிடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு 1980களில் வந்தபோது அது எளிதாயிற்று. நள்ளிரவிலிருந்தே வெறும் வயிற்றோடு வைத்திருக்கும் பழைய கட்டளையும் தளர்ந்து, தண்ணீர் போன்ற தெளிந்த பானங்களை அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்று 2018இல் ஐரோப்பியக் குழந்தை மயக்கவியலாளர் ஒப்புக்கொண்டதால், பசியால் அழும் பிள்ளையோடு காலை முழுவதும் போராடும் பெற்றோரின் பாடும் குறைந்தது.

எனினும் பெற்றோர் அருகிலிருந்தால் போதும் என்ற எளிய நம்பிக்கையை ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஜீவ் கெயின் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஒப்பீட்டில், முன்கூட்டியே புகட்டப்பட்ட மிடசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து, பெற்றோரின் உடனிருப்பைக் காட்டிலும் குழந்தையின் அச்சத்தை நன்றாகக் குறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும் பெரியவரால் குழந்தைக்கு என்ன ஆறுதல் கிடைக்கும்? அதே குழு 2007இல் பெற்றோருக்கு முன்பயிற்சி அளித்து, குழந்தையின் கவனத்தைத் திருப்பும் வழிகளைக் கற்றுக்கொடுத்து, மயக்கமருந்து முகமூடியை வீட்டிலேயே விளையாட்டாக அணிந்து பழக்கும்படி கொடுத்தனுப்பியபோது முடிவு வேறாக இருந்தது: அக்குழந்தைகள் மருந்து புகட்டப்பட்டவர்களுக்கு இணையாக அமைதியாக மயக்கத்துக்குள் சென்றதோடு, மீட்பறையில் குறைவான வலிநீக்கியே தேவைப்பட்டு, மற்றவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர்.